அடுத்த மூச்சு

இன்னாசியை அடக்கம் செய்த மறுநாள் மாலை, கம்பெனி டாக்டர் நிரஞ்சன் கோயில் மண்டபத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, இறந்தவனின் மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "அது அவர் எடுத்த முடிவும்மா" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ரொம்ப நாளைக்கு எந்தப் பெண்ணும் தன் கணவனிடம் குரலை உயர்த்திப் பேசவில்லை.

நடந்தது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்குள் காற்றாலைகளை நட்டு முடித்த காலம் அது. அவற்றின் தூண்களில் அப்பிய சிப்பியைச் சுரண்டவும், அடியில் ஓடும் கேபிளைப் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் கிடப்பவனுக்கு, மேலே வரும்போது ரத்தத்தில் குமிழி ஏறிக் கைகால் முடங்கிப்போகும். அந்தத் தெருவில் அப்படி முடங்கியவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. 'நீள்மூச்சு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு மருந்தைப் புகையாக்கி வாரக்கணக்கில் இழுக்கச் சொன்னார்கள். மனிதனின் நுரையீரல் மெல்ல மெல்ல ஓங்கிலின், அதாவது டால்பினின், நுரையீரலாகும். ஆழம் போனால் காலிப் பை மாதிரி மடங்கிக்கொள்ளும். மேலே வந்தால் விரியும். சிலிண்டர் வேண்டாம், குமிழி ஏறாது, ஒரே மூச்சில் அரை மணி நேரம் அடியில் இருக்கலாம்.

சங்கு குளித்துப் பழகிய பதினோரு பேர் எடுத்துக்கொண்டார்கள். இன்னாசி ஒருவன். அதே தெருவில் இருந்த ஜெனோவாவின் கணவன் கஸ்பார் இன்னொருவன். மூன்று வருஷம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அவர்கள் தூங்கும்போது ஒரு கண் மூடாது. "ஆழத்துல வேலை செய்யறவங்களுக்கு வர்ற பழக்கம்மா, பயப்படாதீங்க" என்று கம்பெனியில் சொன்னார்கள். மனைவிமார் முதலில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

அன்று மண்டபத்தில் டாக்டர் நிரஞ்சன் மீதியைச் சொன்னார்.

"நீள்மூச்சு எடுத்துக்கிட்டவங்களுக்கு மூச்சு தானா வராது. கையைத் தூக்குற மாதிரி, கால எடுத்து வைக்கிற மாதிரி, ஒவ்வொரு மூச்சையும் அவங்களா நினைச்சுதான் எடுக்கணும். இது உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு நல்லாவே தெரியும். இன்னாசி கடல்ல மூழ்கல. உடம்புல காயமில்ல. வேலை முடிஞ்சு படகுல உக்காந்து வரும்போது, அடுத்த மூச்சை எடுக்கல. அவ்வளவுதான்."

பெண்கள் அத்தனை பேரும் திரும்பி ஆண்களைப் பார்த்தார்கள். பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனி வாங்கியிருந்த வாக்கு, அந்தக் குனிந்த தலைகளில் அப்படியே தெரிந்தது. கஸ்பார் தன் கட்டைவிரல் நகத்தை இன்னொரு விரலால் அழுத்திக்கொண்டே இருந்ததை ஜெனோவா கவனித்தாள்.

இன்னாசியின் மனைவி மெட்டில்டா ஒரு சத்தமும் போடவில்லை. அவளுக்குப் பதிலாக ஊர் யோசித்தது. அவன் சாவதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்" என்று அவள் கத்தியது குழாயடி வரைக்கும் விழுந்தது. எந்த வீட்டில்தான் சண்டையில்லை? ஆனால் அந்த வீட்டில் மறுநாள் ஒருவன் செத்துவிட்டான்.

"வாயாலயே கொன்னுட்டா" என்றார்கள்.

அதன் பிறகு மெட்டில்டா வீட்டு வாசலைக் கடக்கும்போது பெண்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரவர் வீட்டுக்குள் இன்னொரு பயம் புகுந்தது. கட்டிலில் கிடக்கும் மனுஷன் ஒவ்வொரு மூச்சுக்கும் 'இருக்கலாமா' என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறானா? நாம் சொல்லும் ஒரு சுடுசொல்லில் 'போதும்' என்று நினைத்துவிடுவானா? குழந்தையின் படிப்பு, கடன், மாமியார் தொந்தரவு என்று கேட்க வேண்டிய எதையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கடைசி வீட்டு அருளப்பன் அதையும் பயன்படுத்திக்கொண்டான். குழம்பில் உப்பு குறைந்ததற்கு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி காலில் விழுந்து கெஞ்சிய பிறகுதான் இழுத்தான்.

ஜெனோவாவின் பயம் வேறு மாதிரி இருந்தது.

அவள் பெரிய கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். கஸ்பார் அதற்குள் கடலிலிருந்து திரும்பிப் படுத்திருப்பான். மண்டபத்துப் பேச்சு நடந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் அப்படித்தான் படுத்திருந்தான். வலது கண் மூடியிருந்தது. இடது கண் திறந்தபடி அவள் போகும் பக்கமெல்லாம் வந்தது. சோற்றுப் பானையைத் திறந்தாள், கண் வந்தது. கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்தாள். கண்ணாடிக்குள்ளும் அது இருந்தது. மூன்று வருஷம் பழகிய கண்தான். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

'நான் தூங்கிட்டேன், எனக்கு எதுவும் தெரியாது' என்று கஸ்பார் போலீஸில் சொல்லியிருந்தான். படகில் இன்னாசிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அவன்தான்.

தூங்கினாலும் ஒரு கண் திறந்திருக்குமே.

"அன்னைக்கு நீங்க எதையுமே பாக்கலையா?" என்று கேட்டாள்.

"தூங்கிட்டேன்னு சொன்னேன்ல."

"ஒரு கண்ணுதானே தூங்கும்?"

கஸ்பார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பொய் சொல்லும்போது மனுஷனுக்கு மூச்சு தடுமாறும் என்பார்கள். ஆனால் இவன் எண்ணி எண்ணி எடுக்கிற மூச்சு. அதில் தடுமாற்றத்தைத் தேடி என்ன பயன்?

அடுத்த நாள் காலையில் அவள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். படகை ஓட்டிய ஸ்ராங்கு தொம்மை, டீசல் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"தொம்மை அண்ணே, அன்னைக்குப் படகுல என்ன நடந்திச்சு?"

"போலீஸ்ல சொன்னதுதாம்மா."

"எங்க வீட்டுல அவிய தூங்கிட்டதா சொல்லுதாவளே."

தொம்மை கேனைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "தூங்கினானா? நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். அவன் இன்னாசியவேதான் பாத்துக்கிட்டு வந்தான். ரொம்ப நேரம். பொறவு திடீர்னு எந்திரிச்சு, 'எலே இன்னாசி'ன்னு அலறி நெஞ்சுல குத்துறான், வாயில ஊதுறான். நான் இஞ்சின நிறுத்திட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு."

"அவ்வளவுதானா?"

"ஏம்மா என்னைய இதுல இழுக்குற?"

"அண்ணே."

"இன்னாசி சட்டைப் பையில இருந்து எதையோ எடுத்துக் கடல்ல வீசினான். வெள்ளையா, சின்னதா. என்னலேன்னு கேட்டேன். பீடிக் கட்டுன்னான். இன்னாசி எந்தக் காலத்துலம்மா பீடி குடிச்சான்?"

ஜெனோவா திரும்பி நடந்தாள். அவளுக்கு இன்னொன்றும் தெரியும். இன்னாசியும் கஸ்பாரும் கொஞ்ச காலமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நீள்மூச்சு எடுத்தவர்களுக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லப்போவதாக இன்னாசி சொன்னான். கஸ்பார் கூடாது என்றான். "பத்துப் பேரு பொழப்புல மண்ணப் போடாதல" என்று அவள் வீட்டு முற்றத்திலேயே சண்டை போட்டான். அதைப் பேசுமுன் இன்னாசி செத்துப்போனான். அவன் பையிலிருந்து ஏதோ ஒன்று கடலுக்குள் போனது. கம்பெனி, 'அது அவர் எடுத்த முடிவு' என்றது.

எல்லாம் பொருந்தி வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்று மாலை கஸ்பார் டீ போட்டு அவள் கையில் கொடுத்தான். வழக்கமாகச் செய்வதுதான். அவள் வாங்கி, ஆறட்டும் என்று வைத்து, அவன் திரும்பியபோது வாசல் தொட்டியில் ஊற்றினாள். திரும்பிப் பார்த்தால் அவன் நின்றுகொண்டிருந்தான். டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மறுநாள் அவன் டீ போடவில்லை.

மெடிக்கலுக்கு அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களில் டாக்டர் உமையாள் ஒருவர். கால்நடை மருத்துவர். கரை ஒதுங்கும் ஆமைக்கும் ஓங்கிலுக்கும் கடற்கரையில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். காயத்துக்குப் போடும் மருந்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார். ஜெனோவா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைத் தேடிப் போனாள். உமையாள் ஒரு ஆமையின் கழுத்தில் மாட்டியிருந்த நைலான் வலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், அடையாளமே தெரியாம மூச்ச மட்டும் நிறுத்துற விஷம் ஏதும் இருக்கா?"

உமையாள் கத்தரிக்கோலை நிறுத்தினார். "யாருக்கு?"

ஜெனோவா எல்லாவற்றையும் சொன்னாள். கணவனின் பெயரை மட்டும் சொல்லவில்லை. உமையாளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"உக்காருங்க. முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க. நம்ம நுரையீரல் தலைகீழா நிக்கிற ஒரு மரம். மூச்சுக்குழல்தான் அடிமரம். அது கிளை கிளையாப் பிரிஞ்சு, நுனியில திராட்சைக் கொத்து மாதிரி கோடிக்கணக்குல குட்டிக் குட்டி அறைகள். காத்து அங்கதான் ரத்தத்துல கலக்கும். ஒவ்வொரு பிராணியும் இதை ஒவ்வொரு விதமாச் செய்யுது. தவளை காத்தை விழுங்கும். பறவைக்கு எலும்புக்குள்ள வரைக்கும் காத்துப் பை. தேளுக்கு வயித்துல புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், அதுக்குப் பேரே புத்தக நுரையீரல். ஆனா இதுல எதுவும் யோசிச்சு மூச்சு விடறதில்ல. தூங்கினாலும் மயங்கினாலும் அது பாட்டுக்கு நடக்கும். மூளைக்கு அடியில முகுளம்னு ஒரு பாகம் அதைப் பாத்துக்கும்."

"ஓங்கிலுக்கு?"

"அது கடலுக்குள்ள இருக்கு. தானா மூச்சு வந்தா தண்ணியக் குடிச்சிடும். அதனால மேல வந்து, யோசிச்சுதான் எடுக்கும். முழுசாத் தூங்கவே தூங்காது. பாதி மூளை தூங்கும், மீதிப் பாதி முழிச்சு மூச்சைப் பாத்துக்கும். ஒரு கண்ணு மூடாது."

ஜெனோவா தலையை ஆட்டினாள்.

"அப்ப அதுக்கு மயக்க மருந்து கொடுத்தா?"

"செத்துடும். முழு மூளையும் தூங்கிட்டா மூச்சு எடுக்க ஆளில்ல. இதுக்கு விஷமெல்லாம் வேணாம் ஜெனோவா. தூக்கம் வர்ற எது குடுத்தாலும் போதும். சளி மாத்திரை, இருமல் டானிக், எது வேணும்னாலும்." உமையாள் கையுறையைக் கழற்றினார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் நிரஞ்சன் இதே நாற்காலியில உக்காந்து இதைத்தான் என்கிட்ட கேட்டாரு. ஓங்கிலுக்கு மயக்கம் குடுத்தா என்ன ஆகும்னு. நானும் வெவரமாச் சொன்னேன். உங்க வீட்டுக்காரங்ககிட்ட, தூக்க மாத்திரை தொடாதீங்கன்னு ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாங்களே?"

சளி மாத்திரை என்ற சொல்லிலேயே ஜெனோவா நின்றுவிட்டாள்.

இன்னாசி சாவதற்கு முந்தின சாயங்காலம் மெடிக்கலுக்கு வந்திருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "ஏதாச்சும் குடு தங்கச்சி, தலை வெடிக்குது" என்றான். கூட்ட நேரம். எல்லாருக்கும் கொடுப்பதைத்தான் எடுத்தாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று காகிதக் கவரில் பேனாவால் எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தாள். "நல்லாத் தூக்கம் வரும்ணே, ரெஸ்ட் எடுங்க" என்றும் சொன்னாள். அவன் சிரித்தான். "தூக்கமா? வரட்டும், வரட்டும்" என்றான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கஸ்பார் படுத்திருந்தான். இடது கண் அவளைப் பார்த்தது.

"நீங்க கடல்ல வீசினது என் கடைக் கவரா?"

வலது கண்ணும் திறந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஒன் கையெழுத்து இருந்திச்சு. ஒரு மாத்திரைதான் கொறஞ்சிருந்திச்சு, வேலை முடிஞ்ச பொறவுதான் போட்டிருக்கணும்" என்றான்.

"எனக்குத் தெரியாதே. தூக்க மாத்திரை ஆகாதுன்னு எவன் சொன்னான்?"

"எங்களுக்கும் எவனும் சொல்லல. பிராந்தி தொடாதீங்கன்னான். அவ்வளவுதான். கவரப் பாத்த பொறவுதான் எனக்கே வெளங்கிச்சு."

"அப்ப நீங்க தூங்கல. பாத்துக்கிட்டுத்தான் இருந்திய."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கஸ்பார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவன் அப்படியே சாஞ்சான். ரெண்டு கண்ணும் மூடிச்சு. மூணு வருசமா எங்கள்ல ஒருத்தனுக்குக்கூட ரெண்டு கண்ணும் மூடி நான் பாத்ததில்ல. எவ்வளவு நல்லாத் தூங்குதாம் பாருன்னு பொறாமையாப் பாத்துக்கிட்டே வந்தேன், ஜெனோ. செத்துக்கிட்டிருந்தவனப் பொறாமையாப் பாத்துக்கிட்டு வந்தேன். அத எந்தப் போலீஸ்ல போயிச் சொல்ல?"

ஜெனோவா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட வேண்டும் போலிருந்தது, தொடவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? நான் ஒங்களைக் கொலகாரன்னு நெனைச்சேன்."

"தெரியும். டீய ஊத்தினப்பவே தெரியும். ஒனக்கு இது தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான் இருந்தேன்."

"நான் தாங்க மாட்டேனா? மெட்டில்டா மைனி தாங்குதாவளே! நாம ரெண்டு பேரும் பேசாம இருந்தா, அவிய சாகுற வரைக்கும் தாங்கணும்லா!"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அடுத்த மூச்சை எடுக்கக் கொஞ்சம் தாமதித்ததாக அவளுக்குத் தோன்றியது. அருளப்பன் மனைவி மாதிரி ஒரு கணம் பதறினாள். பிறகு அந்தப் பதற்றத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. "மூச்ச விடுங்க" என்று அதட்டினாள். "விட்டுட்டு எந்திரிங்க. நான் போயிச் சொல்லப் போறேன்."

அவள் தனியாகத்தான் போனாள். மெட்டில்டா பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் காலை வைத்த முதல் ஆள் ஜெனோவாதான். மெட்டில்டா நிமிர்ந்து, சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன வேணும்?"

ஜெனோவா நின்றபடியே சொன்னாள். மாத்திரை, கவர், அவள் போட்ட கோடு, கஸ்பார் கடலில் வீசியது. ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

மெட்டில்டா சாம்பல் கையோடு அப்படியே இருந்தாள்.

"அப்ப நான் சொன்னதுக்கு இல்லையா?" என்றாள் மெல்ல.

"இல்ல மைனி."

"நான் சொன்னதுக்கு அவிய போகலையா?"

"சளிக்கு மாத்திரை போட்டுத் தூங்கிட்டாவ. அவ்வளவுதான்."

அதன் பிறகுதான் மெட்டில்டா அழுதாள். புருஷன் செத்த அன்றும் அழாத அழுகை. தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெனோவா ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"கிட்ட வராத" என்றாள் மெட்டில்டா. "போ. என் மூஞ்சில முழிக்காத. போ."

ஆர்.டி.ஓ. விசாரணையில் ஜெனோவா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். கஸ்பாரும் சொன்னான். அந்தப் பொறாமையையும் விடாமல் சொன்னான். கம்பெனி வக்கீல் எழுந்து, "டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்தவர் இவர். எங்கள் மருந்தின் மேல் பழி எதற்கு?" என்று கேட்டார். டாக்டர் உமையாள் வந்து, நிரஞ்சன் எப்போது என்ன கேட்டார், தான் என்ன சொன்னார் என்று சொன்ன பிறகுதான் அந்தக் குரல் இறங்கியது. தெரிந்தேதான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். தூக்க மாத்திரை ஆகாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் யாரும் அந்தப் புகையை இழுக்க மாட்டார்கள். இன்னாசியின் உள்ளுறுப்புப் பரிசோதனையிலும் சளி மாத்திரைதான் வந்தது. நீள்மூச்சை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நிரஞ்சன் மேல் வழக்கு. ஜெனோவா மேலும் ஒரு வழக்கு. அது இன்னும் நடக்கிறது. மெடிக்கலில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் அவளைப் பாராட்டவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மெட்டில்டா வீட்டு வாசலில் மட்டும் பெண்கள் மறுபடி நின்று பேச ஆரம்பித்தார்கள். மெட்டில்டா ஜெனோவாவோடு பேசவில்லை.

மீதிப் பத்துப் பேருக்கும் மாற்று மருந்து கிடையாது. மரமாகிவிட்டதை மறுபடி விதையாக்க முடியாது என்றார் உமையாள். கரையில் வேறு வேலைகளுக்குப் போனார்கள். ஆனால் மூன்று வருஷம் முழுத்தூக்கம் இல்லாத மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையத் தொடங்கியிருந்தது. கஸ்பார் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டான். கடைக்குப் போனால் வீட்டு வழி மறந்தது. ஒரு நாள் ஜெனோவாவின் பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறினான்.

உமையாள் பெரியாஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் ஒருவரிடம் பேசி ஒரு வழியைக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸில் இருக்குமே, முகமூடி வைத்துக் கையால் அமுக்குகிற ரப்பர்ப் பை, அதுதான். வேறு யாராவது மூச்சைப் பார்த்துக்கொண்டால் இவர்கள் மூளை முழுதாகத் தூங்கலாம். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் தூங்கினால்கூடப் போதும். அமுக்குகிறவர் கை நின்றால் மட்டும் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ஜெனோவாவுக்குப் பழக்கினார்கள். தாடையைத் தூக்கிப் பிடிக்க, நெஞ்சு ஏறுகிறதா என்று பார்க்க, அமுக்கி விட்டுக் காத்திருக்க. வீட்டில் முதல் நாள் கஸ்பார் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு படுக்க மாட்டேன் என்றான்.

"பயமா இருக்கா?"

"இல்ல."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

கஸ்பார் அவளைப் பார்த்தான். அவள் கையால் கொடுத்ததை நம்பித்தான் ஒருவன் போய்ச் சேர்ந்தான். அவன் கையால் கொடுத்த டீயை அவள் தொட்டியில் ஊற்றினாள். இரண்டும் அந்தக் கட்டிலில் அவர்களுக்கு நடுவே கிடந்தன. கடைசியில் அவன் படுத்தான். முகமூடியைத் தானே எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

அவள் அமுக்கத் தொடங்கினாள். முதலில் அவன் தானும் இழுத்தான்; அவள் ஊதுவதோடு அது முட்டியது. பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தான். வலது கண் மூடியது. இடது கண் ரொம்ப நேரம் அவள் முகத்தில் இருந்தது. சொருகியது, திறந்தது, மறுபடி சொருகியது. பிறகு மூடிக்கொண்டது. தூங்குகிற புருஷனை மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் பார்த்தாள். எவ்வளவு இளைத்துப்போயிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மணி நேரம் தாண்டியபோது அவள் விரல்கள் மரத்துப்போயின. கை மாற்றிக்கொண்டாள். தோள் நடுங்கத் தொடங்கியது. எழுப்பிவிடலாமா என்று நினைத்தாள், மனம் வரவில்லை. அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

மெட்டில்டா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. கஸ்பாரின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"ஒனக்குக் கை நடுங்குது. தள்ளு" என்றாள்.

ஜெனோவா பையை விடவில்லை. அமுக்கினாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. மெட்டில்டாவின் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடினாள். புருஷனைப் பறிகொடுத்தவளின் முகம். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அதில் எதையும் படிக்க முடியவில்லை.

"ஒனக்குப் பழக்கின பொறவு, உமையாள் டாக்டரம்மா சொல்லி எனக்கும் பழக்கிக் குடுத்தாவ" என்றாள் மெட்டில்டா. "நான்தான் கேட்டேன்."

"எதுக்கு மைனி?"

மெட்டில்டா கையை நீட்டியபடி இருந்தாள்.

இரண்டு மூச்சுக்கு நடுவே இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் ஜெனோவா நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

மெட்டில்டா தாடையைச் சரியாகத் தூக்கிப் பிடித்து அமுக்கினாள். கஸ்பாரின் நெஞ்சு ஏறியது.

"சோறு தின்னியா?"

"இன்னும் இல்ல."

"போயித் தின்னு. கண்ணு முன்னால நின்னு காவல் காக்காத."

ஜெனோவா அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்து பார்க்கலாம் என்று கால் துடித்தது. எழவில்லை. ஒரு வாய் எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேட்டாள். அறையிலிருந்து பை சுருங்கும் சத்தம் வந்தது. சாப்பிட்டாள். அடுத்த வாய்க்கு முன்னால் மறுபடி கேட்டாள். வந்தது.